பால்காய்ப்புக்கு வந்த பெயரில்லாச் செடி: யாரிடம் காட்டுவது?

எங்கள் குமரி மாவட்டத்துப் பக்கம் புது வீட்டுப் பால்காய்ப்பு என்றால் முன்பெல்லாம் சுவர்க்கடிகாரமும் எவர்சில்வர் பாத்திரமும் வந்து குவியும். இப்போது செடி வருகிறது. வெள்ளைப் பீங்கான் சட்டி, மேலே பரப்பிய கூழாங்கல், சுற்றி ஒரு ரிப்பன். பெயர்ச்சீட்டு மட்டும் இருக்காது.

போன ஆவணியில் தக்கலைப் பக்கம் அக்கா மகள் வீட்டுப் பால்காய்ப்பு முடிந்து நாலாம் நாள் அவள் ஃபோன் செய்தாள். "சித்தி, ஆறு செடி வந்திருக்கு. ஒண்ணுக்கும் பேரு தெரியாது. ஒண்ணு இப்பவே மஞ்சளாகுது. இத யாருட்ட கொண்டு காட்ட?" அவளுக்கு முன்பும் பின்பும் இதே கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஃபோன் போதும் என்கிறார், ஒருவர் நர்சரிக்குப் போ என்கிறார், இன்னொருவர் கல்லூரியில் கேள் என்கிறார். அந்த ஆறு செடிகளையும் வைத்துக்கொண்டு இந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டது இது.

## எதை வைத்து எடை போடுவது?

எவ்வளவு துல்லியம் வேண்டும்? பலரும் யோசிக்காத கேள்வி இதுதான். கையிலிருப்பது மணி பிளான்ட்டா, இதய வடிவ இலை கொண்ட பிலோடென்ட்ரானா என்று அரைநாள் குழம்புகிறவர்கள் உண்டு. வெளிச்சம், தண்ணீர், மண் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சேம்புக் குடும்பம். அங்கே குடும்பம் தெரிந்தாலே வளர்த்துவிடலாம்.

ஆனால் 'ரப்பர் பிளான்ட்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் கைமாறுகின்றன. ஒன்று ஃபைகஸ். ஆல், அரசு, அத்தி வகையறா. தரையில் விட்டால் பெருமரமாகி வேர் சுவரைப் பிளக்கும். மற்றொன்று பெப்பரோமியா. ஒரு முழம்கூட உயராது. தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும். வேர் சின்னது, ஈரம் தங்கினால் அழுகிவிடும். இலைக்காம்பைக் கிள்ளினால் ஃபைகஸில் பால் வடியும், பெப்பரோமியாவில் வடியாது. ரப்பர் வெட்டுகிற மாவட்டத்தில் பால் வடிவதைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். (ஃபைகஸ் நம் தோட்டத்து ரப்பர் மரமும் அல்ல. அந்தப் பால் தோலை அரிக்கலாம், கையைக் கழுவிவிடுங்கள்.)

ஆபத்து இருக்கிறதா? தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் முதல் கேள்வி இதுதான்.

கிடைக்கும் பராமரிப்புச் சொல் நம் ஊருக்குப் பொருந்துமா? குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஈரம் மிகுதி. தோவாளைப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இலையை உலர்த்திவிடும். குளச்சல், முட்டம் கரையில் உப்புக்காற்று. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே மூன்று விதமாக வளர்க்க வேண்டியிருக்கிறது.

என்ன செலவாகும்? பணம் மட்டுமல்ல, நாள், அலைச்சல், கேட்கப் போன இடத்தில் தேவையில்லாமல் வாங்கிவருவது எல்லாமே கணக்கில் சேரும்.

## ஃபோன் கேமரா

எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். அதில் தவறில்லை. கூகுள் லென்ஸ் எல்லோர் கையிலும் இருக்கிறது. பிளான்ட்நெட் பிரான்சின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 2009-இல் தொடங்கிய திட்டம், இலவசம். படம் இலையுடையதா, பூவுடையதா, காயுடையதா, பட்டையுடையதா என்று அது கேட்கும். ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக ஒப்பிடத்தான் அந்தக் கேள்வி. காட்டிலும் வயலிலும் நிற்கும் செடிகளில் அது நன்றாகத் தேறுகிறது. கலப்பினம் செய்து, நிறம் மாற்றி, புதுப்புது வகையாக விற்கப்படும் வீட்டுச் செடிகளில் தடுமாறுகிறது. வேறு சில செயலிகள் சில நாள் இலவசமாகக் காட்டிவிட்டு, பிறகு வருடச் சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்கின்றன. அட்டை எண் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஃபோன் 'தெரியாது' என்று சொல்வது அபூர்வம். எதைக் காட்டினாலும் ஏதாவது ஒரு பெயர் வரும். அதனால் ஒரு படத்தை நம்பக் கூடாது. இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டில் இலை சேரும் கணு, விரியாத கொழுந்து, முழுச் செடி என்று பகல் வெளிச்சத்தில் ஐந்து படம் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் பிடித்தால் இன்னும் நல்லது. ஐந்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஐந்திலும் பேரினப் பெயர் (தாவரவியல் பெயரின் முதல் சொல்) ஒன்றாகவே வந்தால் பாதி நம்பலாம். அதன்பிறகு அந்தப் பெயரில் வரும் பூவையும் முதிர்ந்த இலையையும் தேடிப் பார்த்து, நம் செடியோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை ஃபோன் செய்துதராது.

கொழுந்து ஏன் முக்கியம் என்றால், மணி பிளான்ட்டில் புது இலை முந்தைய இலைக்காம்பின் மடிப்பிலிருந்து நேராக விரியும். பிலோடென்ட்ரானில் புது இலையைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருந்து, பிறகு காய்ந்து பழுப்பாகி உதிரும். இளஞ்செடி இன்னொரு குழப்பம். சிங்கோனியம் இளசில் அம்புமுனை போல இலை விடும். வயதானால் அதே கொடியில் இலை விரல்விரலாகப் பிரியும். இரண்டையும் தனித்தனியே படமெடுத்தால் இரண்டு பெயர் வந்தாலும் வியப்பில்லை.

பெயரை விடப் பெரிய சிக்கல், பெயரோடு வரும் பராமரிப்புக் குறிப்பு. அது பெரும்பாலும் குளிர் நாட்டு வீட்டுக்கு எழுதியது. 'குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்கவும்' என்று இருக்கும். நமக்கு மார்கழியிலும் செடி வளர்கிறது. 'தெற்கு சன்னலில் வைக்கவும்' என்று இருக்கும். நம் ஊர்த் தெற்கு வெயில் தை, மாசியில் இலையைக் கருக்கிவிடும். 'தினமும் இலையில் தண்ணீர் தெளிக்கவும்' என்று இருக்கும். ஹீட்டர் போட்டு உலர்ந்த அறைக்கு அது சரி. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பெய்துகொண்டிருக்கும்போது மார்த்தாண்டத்தில் ஒரு சிட்அவுட்டில் அதைச் செய்தால் இலையில் பூஞ்சைப் புள்ளி விழும்.

ஆக, பெயருக்கு முதல் துப்பு வேண்டுமென்றால் ஃபோன். பராமரிப்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

## வீட்டுப் பெரியவர்கள்

என் எதிர்பார்ப்பை மாற்றியது இந்த வழிதான். ஆறு செடிகளையும் வரிசையாக வைத்தோம். அக்கா மகளின் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல். வாழ்நாள் முழுவதும் சேம்பும் கிழங்கும் நல்லமிளகும் நட்டவர். ஒரு செடியைக் கையில் எடுத்து, நடுவில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய பச்சைக் கதிரைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "இது நல்லமிளகுத் திரி மாதிரில்லா இருக்கு." அது பெப்பரோமியா. மிளகுக் குடும்பம்தான். ஃபோன் அதே செடிக்கு இரண்டு முறை ஃபைகஸ் என்று சொல்லியிருந்தது.

அடுத்தது வெள்ளைத் தெளிப்பு விழுந்த பெரிய இலைச் செடி. "மக்களே, இது சேம்பு ஜாதி. வாயில வெச்சா காறும். பிள்ளையள தொட விடாத." அது டைஃபன்பேக்கியா. சேம்பு காறுவதும் இது காறுவதும் ஒரே காரணத்தால்தான்: கால்சியம் ஆக்சலேட்டின் ஊசி போன்ற படிகங்கள். டைஃபன்பேக்கியாவைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும், பேச்சே வராமல் போகலாம். செயலி பெயர் சொல்வதற்கு முன்பே அந்த மாமியார் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டார்.

மூன்றாவதாக, அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக இருந்த, கோடு போட்ட இலைச் செடியைப் பார்த்து, "கூவைக்கிழங்கு இலை போல" என்றார். கலாத்தியா. கூவையும் அதுவும் ஒரே குடும்பம். ராத்திரியில் இலையெல்லாம் மேல்நோக்கிக் கூம்பி நின்றதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. காம்பும் இலையும் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன முட்டு அப்படித் திருப்புகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதாக வருவதற்குக் காரணம் உண்டு. உலகம் முழுக்க வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் பெரும்பகுதி வெப்பமண்டலக் காட்டுத் தரையிலிருந்து போனவை. அவற்றின் உறவுகள் நம் வீட்டுப் புரையிடத்திலேயே நிற்கின்றன. இனப்பெயர் தெரியாவிட்டாலும் குடும்பம் அவர்கள் கண்ணில் படும். நான் மேலே சொன்னபடி, பல நேரம் குடும்பம் தெரிந்தாலே வேலை முடிந்துவிடும்.

குறையும் உண்டு. தரையில் நட்டுப் பழகிய கை தினமும் தண்ணி கோரி ஊற்றும். தரையில் அது வடிந்துவிடும், சட்டியில் நிற்கும். இன்னொன்று இதைவிடப் பெரியது: தெரிந்த மூலிகையோடு சாயல் ஒத்துப்போனால் அதே மருந்து என்று நினைத்துவிடுவார்கள். பூச்செடியாக விற்கும் வண்ணப்பூ கலஞ்சோ, மூலிகையான ரணகள்ளியின் பேரினம்தான். அந்தப் பேரினத்தில் இதயத்தைத் தாக்கும் பொருள்கள் இருக்கின்றன. சாயலை வைத்துச் செடியை அடையாளம் காணலாம். சாயலை வைத்து எதையும் தின்னக் கூடாது.

## நர்சரி

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை சாலையோரம் நர்சரிகளுக்குக் குறைவில்லை. அங்கே நிற்கும் அலங்காரச் செடிகளில் பலவும் ஆந்திரத்தின் கடியம் பகுதியிலிருந்தும் திருச்சூர் மண்ணுத்தியிலிருந்தும் லாரியில் வருகின்றன. அதனால் நர்சரிக்காரர் சொல்லும் பெயர் பெரும்பாலும் வியாபாரப் பெயர். 'லக்கி பேம்பூ' மூங்கிலே அல்ல, அது டிரசீனா. அந்தப் பெயரை வைத்து மூங்கில் வளர்ப்பைத் தேடிப் படித்தால் செடி போய்விடும்.

ஆனால் இந்தச் செடி நம் மழையில், நம் காற்றில் எப்படி நிற்கிறது என்பதை அவர் தினமும் பார்க்கிறார். அதை எந்தச் செயலியும் பார்த்ததில்லை. அதனால் "இதுக்கு என்ன பேரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "அண்ணா, இத நீங்க நிழல்வலைக்கு உள்ள வெச்சிருக்கீங்களா, வெளியவா? மழைக்கு எடுத்து மாத்துவீங்களா? எந்த மாசம் அழுகுது?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் கிடைக்கும் பதில் பெயரைவிடப் பயன் தரும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை அப்படியே எடுக்கக் கூடாது. அவர் செடி ஓட்டை போட்ட கருப்புப் பையில், நார்த்தூள் கலவையில், காற்றோட்டத்தில் நிற்கிறது. அவர் தினமும் ஊற்றலாம். உங்கள் செடி பீங்கான் சட்டியில், அறைக்குள். போன இடத்தில் உரம், புதுச் சட்டி, இன்னும் இரண்டு செடி என்று கை நிறைந்துவிடுவதும் செலவுதான். செடியைத் தூக்கிச் செல்ல வேண்டாம், படங்களும் ஒரு உதிர்ந்த இலையும் போதும். பூச்சி பிடித்த செடியைக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே நிற்கும் மற்றச் செடிகளுக்கும் தொற்றும்.

## கல்லூரித் தாவரவியல் துறை

நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி எல்லாவற்றிலும் தாவரவியல் துறை உண்டு. உறுதியான இனப்பெயர் வேண்டுமென்றால் இப்படிப்பட்ட இடம்தான். ஆனால் தாவரவியலில் வகைப்பாடு பெருமளவு பூவையும் காயையும் வைத்து நடப்பது. பூக்காத இலைச்செடியோடு போனால் அவர்களும் பேரினத்தோடு நிற்க வேண்டிவரும். முன்கூட்டிக் கேட்டு, பூவோடு கூடிய கிளையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோவது முறை. வரவேற்பறைச் செடி ஒவ்வொன்றுக்கும் இது தேவைப்படாது. விஷச் சந்தேகம் தீரவில்லை, அல்லது பழைய தரவாட்டு வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு செடி தலைமுறையாக நிற்கிறது என்றால் இந்த அலைச்சல் தகும்.

## பெயரில்லாமலே பார்த்துக்கொண்டிருப்பது

இதையும் ஒரு வழியாகத்தான் வைக்கிறேன். பூக்கும் வரை காத்திருந்தால் பெயர் தானாக வரும் என்பது சில செடிகளுக்குச் சரி. மணி பிளான்ட்டுக்கு அது நடக்காது. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற வளர்ச்சிப் பொருளை அந்தச் செடி தானே உண்டாக்குவதில்லை. வளர்ப்பில் அது தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். பூ கிடைக்காததால் அறிஞர்களே 1880-இலிருந்து அதை ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெயர் நிலைபெறாத அந்தக் காலத்திலும் அது பாட்டில் தண்ணீரில்கூட வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

பெயர் இல்லாமல் வளர்க்க, செடி தண்ணீரை எங்கே சேர்த்துவைக்கிறது என்று பாருங்கள். இலை தடித்திருக்கிறதா, தண்டு பருத்திருக்கிறதா, மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறதா? சேமிப்பு இருந்தால் மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். இலை மெலிந்து அகன்று, சேமிப்பு எங்கும் இல்லையென்றால் விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தவுடன் தண்ணீர்.

அக்கா மகள் வீட்டில் மஞ்சளான செடி இப்படித்தான் விளங்கியது. பீங்கான் சட்டியின் அடியில் ஓட்டையே இல்லை. வீட்டில் நாலு பேரும் ஆளுக்கொரு முறை தண்ணீர் விட்டிருந்தார்கள். செடியை உருவினால் உருளைக்கிழங்கு போலக் கிழங்குகள், இரண்டு அழுகி நாறின. ஸீஸீ செடி, கிழக்கு ஆப்பிரிக்கக் கோடையைத் தாங்கும் செடி. அழுகியதை வெட்டி எறிந்து, மீதியை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, மணல் கூட்டிய மண்ணில் ஓட்டையுள்ள மண்சட்டியில் வைத்தோம். உதிர்ந்த சிற்றிலைகளையும் மணலில் செருகினோம். சில மாதம் கழித்து ஒவ்வொன்றின் அடியிலும் பட்டாணி அளவு கிழங்கு.

இந்த வழியில் நான் இழந்ததும் உண்டு. சிவப்பும் பச்சையுமாக இலை விட்ட ஒரு செடி ஒரு மார்கழியில் இலையெல்லாம் சாய்ந்து மறைந்துபோனது. செத்துவிட்டதென்று சட்டி மண்ணை உரக்குழியில் கொட்டினேன். அடுத்த இடவப்பாதியில் குழியின் ஓரத்தில் மூன்று சிவப்பு இலை முளைத்திருந்தது. கலேடியம், சேனையைப் போலவே சில மாதம் கிழங்காக உறங்கும். மூன்று முளைத்தன, மீதிக் கிழங்குகள் போய்விட்டன. பெயர் தெரிந்திருந்தால் சட்டியை ஓரமாக எடுத்து வைத்திருப்பேன்.

## ஒரே பார்வையில்

| வழி | எதுவரை சொல்லும் | மறைந்திருக்கும் செலவு | எப்போது இதுவே மேல் |
|---|---|---|---|
| ஃபோன் | பேரினம் வரை, சரிபார்த்தால் | சந்தா. குளிர் நாட்டுக் குறிப்பு | முதல் துப்புக்கு |
| பெரியவர்கள் | குடும்பம் | அதிகத் தண்ணீர்; மூலிகை என்ற மயக்கம் | சேம்பு, மிளகு, கூவைச் சாயல் உள்ளவைக்கு |
| நர்சரி | வியாபாரப் பெயர் | வாங்கிவரும் பொருள்கள் | நம் பருவத்துக்கான பராமரிப்புக்கு |
| கல்லூரி | இனம், பூ இருந்தால் | ஒரு நாள் அலைச்சல் | விஷச் சந்தேகம், பழைய அரிய செடி |
| காத்திருப்பது | செடியைப் பொறுத்து | உறங்கும் கிழங்கைத் தூக்கிப் போடுவது | குழந்தை இல்லாத வீடு, செழிப்பான செடி |

## பேச்சிப்பாறையா, ஆரல்வாய்மொழியா?

எந்த வழியில் பெயர் கிடைத்தாலும் நான் அடுத்துத் தேடுவது பராமரிப்புக் குறிப்பை அல்ல, செடியின் தாயகத்தை. அந்தத் தாயகம் நம் மாவட்டத்தில் எந்த இடத்தைப் போன்றது என்று கேட்டுக்கொள்வேன். கலாத்தியா, அந்தூரியம், பீஸ் லில்லி, பிலோடென்ட்ரான் எல்லாம் அமெரிக்க வெப்பமண்டலக் காட்டு நிழல். அவை ஈரம் மிகுந்த பேச்சிப்பாறையின் செடிகள். வடிகட்டிய வெளிச்சமும் ஈரக்காற்றும் கேட்கும். தோவாளையிலோ கடற்கரையிலோ இருப்பவர்கள் அவற்றைக் காற்று படாத உள்முற்றத்தில் வைத்தால் பிழைக்கும். அடீனியம் அரபு, ஆப்பிரிக்க வறண்ட நிலம். அது ஆரல்வாய்மொழிச் செடி. குலசேகரத்தில் அதை வளர்ப்பவர்கள் மழை மாதங்களில் கூரைக்கடியில் வைத்தே ஆகவேண்டும். அது அரளிக்கு உறவு, அதே போல விஷமுள்ளது என்பதையும் மறக்க வேண்டாம். ஸீஸீயும் பாம்புச்செடியும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: நிழலைப் பொறுக்கும், தேங்கிய நீரைப் பொறுக்காது. பாம்புச்செடி நம் மருளின் இனம் என்பதால் அதற்கு யாரும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

சிறு குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் இந்த வரிசையை மாற்றுவேன். பெயர் உறுதியாகும் வரை செடியை விஷமென்றே வைத்து எட்டாத உயரத்துக்கு மாற்ற வேண்டும். குழந்தை கடித்துவிட்டால் பெயர் தேடி ஒரு நிமிடமும் வீணாக்காமல், கிளையை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ கிளம்ப வேண்டும்.

அக்கா மகள் இப்போது ஐஸ் குச்சிகளைக் கழுவி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சட்டியிலும் ஒன்று. தெரிந்தவரை பென்சிலில் எழுதுகிறாள். பேனா மை மழையில் கரைந்துவிடும். ஆறாவது செடிக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அதன் குச்சியில் இப்படி இருக்கிறது: "பால்காய்ப்பு, ஆவணி. பால் இல்லை. கிழங்கு இல்லை. மேல்மண் காஞ்சா தண்ணி. பூத்தா சித்திட்ட சொல்லணும்."